அட்லாண்டிஸில் குடிதண்ணீர் எங்கே இருந்தது? கற்பனைத் தீவு நகரம் எழுதுகிறவர்களுக்கு

ஜூன் 3 (கேள்வி)

கடலோரத் தீவு நகரம் ஒன்றைக் கற்பனையாக வைத்துத் தொடர்கதை எழுதுகிறேன். வரைபடம் தயார்: துறைமுகம், கோட்டை, சந்தை, கலங்கரை விளக்கம், அரண்மனை. மாதிரிக்காக, கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோ எழுதிய, கடலில் மூழ்கிய தீவு நகரமான அட்லாண்டிஸைப் படித்துப் பார்த்தேன். வெண்கலச் சுவர், தங்கச் சிலை, வட்டவட்டமாகக் கால்வாய் என்று ஒரே பிரமாண்டம். மனிதர் குடியிருக்கிற ஊராகவே தெரியவில்லை. நடைமுறைக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை என்பது என் கருத்து. வேறு என்னென்ன சேர்க்கலாம்?

ஜூன் 3, இரவு

தம்பி, உங்கள் வரைபடத்தில் கிணறு எங்கே?

துறைமுகம் இருக்கிறது, கோட்டை இருக்கிறது. சுற்றிலும் உப்புத் தண்ணீர். இத்தனை பேரும் எதைக் குடிக்கிறார்கள்? இதற்குப் பதில் சொல்லாமல் வரைந்த தீவு நகரம் எதுவும் நிற்காது. பிளேட்டோ இதை விடவில்லை. நகரத்தை அவர் விவரிக்கத் தொடங்கும்போது, சுவரும் அரண்மனையும் வருவதற்கு முன்பே, தீவின் நடுவில் இரண்டு ஊற்றுகளை வைத்துவிடுகிறார். ஒன்று வெந்நீர், இன்னொன்று குளிர்ந்த நீர். பொசைடன் கடவுள் பூமிக்கடியிலிருந்து கொண்டுவந்தது என்கிறார். திரும்பப் படியுங்கள், நாளை விரிவாக எழுதுகிறேன்.

ஜூன் 4

வேலை முடித்து வந்து, பிளேட்டோ அட்லாண்டிஸை விவரிக்கிற கிரிட்டியாஸ் என்ற நூலை மறுபடி எடுத்துவைத்துக்கொண்டு எழுதுகிறேன். கி.மு. 360 வாக்கில் எழுதியது. முடிக்காமல் நின்றுபோன நூல்.

முதலில் அளவு. நடுத்தீவின் குறுக்களவு 5 ஸ்டேடியா, அதாவது சுமார் 900 மீட்டர். அதைச் சுற்றி ஒரு ஸ்டேடியம் அகலத்துக்குத் தண்ணீர் வளையம். அப்புறம் இரண்டு அகலத்துக்கு நிலம், இரண்டுக்குத் தண்ணீர், மூன்றுக்கு நிலம், மூன்றுக்குத் தண்ணீர். எல்லாம் கூட்டினால் குறுக்கே 27 ஸ்டேடியா, ஏறக்குறைய 5 கிலோமீட்டர். வெளி வளையத்திலிருந்து கடலுக்கு 50 ஸ்டேடியா நீளத்தில் ஒரு கால்வாய்: 300 அடி அகலம், 100 அடி ஆழம். வளையங்களுக்கு நடுவே பாலங்கள். பாலத்துக்கு அடியில் ஒரு போர்க்கப்பல் போகிற அளவு வழி.

இதுவரை பிரமாண்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். இனிமேல் வருவதைக் கவனியுங்கள். ஊற்றுத் தண்ணீர் எங்கே போகிறது என்று பிளேட்டோ சொல்கிறார். ஊற்றைச் சுற்றிக் கட்டடமும் மரங்களும். பக்கத்தில் தொட்டிகள், சிலது திறந்தவெளியில், சிலது குளிர்காலத்து வெந்நீர்க் குளியலுக்காகக் கூரை போட்டு. அரசர் குளிக்கத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி, குதிரைக்கும் மாட்டுக்கும் தனி. வழிகிற தண்ணீரை பொசைடனின் தோப்புக்கு விட்டார்கள். மிஞ்சியதைப் பாலங்களின் மேலே வாய்க்கால் கட்டி வெளி வளையங்களுக்குக் கொண்டுபோனார்கள்.

மாடு குளிக்கும் தொட்டிவரை யோசித்தவரை நடைமுறை தெரியாதவர் என்று எப்படிச் சொல்ல முடியும்?

அதே நூலில் காவல்காரர்களைப் பற்றி ஓர் இடம் உண்டு. சாதாரணக் காவலர் பெரும்பாலோர் வெளியே. கொஞ்சம் நம்பிக்கையானவர்களுக்குக் கோட்டைக்கு அருகில் இருக்கும் சின்ன வளையத்தில் வீடு. மிக மிக நம்பிக்கையானவர்களுக்கு நடுத்தீவிலேயே, அரசரைச் சுற்றி. ஊற்றும் அந்த நடுத்தீவில்தான். இரண்டு செய்திகளும் நூலில் தள்ளித் தள்ளி வருகின்றன. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஊர் முழுக்கத் தெரிகிறது. அரண்மனை ஊற்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது. யாரை எவ்வளவு நம்புகிறார்களோ அவ்வளவு தண்ணீருக்குப் பக்கத்தில் குடிவைக்கிறார்கள்.

இந்த வளையங்களுக்கெல்லாம் வெளியே 50 ஸ்டேடியா தள்ளி இன்னொரு மதில். அதற்குள் நெருக்கமாக வீடுகள். பெரிய துறைமுகத்தில் எல்லாத் திசையிலிருந்தும் வந்த வணிகர், இரவும் பகலும் ஓயாத இரைச்சல். அங்கே தண்ணீர் எப்படி வந்தது என்று ஒரு வார்த்தை கிடையாது. நூலில் மனிதர் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்வது அந்த ஒரு வாக்கியத்தில்தான். உங்கள் கதை அங்கே தொடங்க வேண்டும் என்பேன்.

ஜூன் 4, இரவு

“ஊரைச் சுற்றி மூன்று கால்வாய் இருக்கிறதே, அப்புறம் என்ன தண்ணீர்ப் பஞ்சம்?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கடலிலிருந்து கப்பல் நேரே உள்ளே வருகிறது ஐயா. அப்படியென்றால் கடல் தண்ணீரும் உள்ளே வருகிறது. வளையம் மூன்றும் உப்பு.

சமவெளியைச் சுற்றி வெட்டிய பெரிய அகழி வேறு. அது மலையிலிருந்து வரும் ஓடைகளை வாங்கி, ஊரின் இரண்டு பக்கமும் வந்து, கடலில் விழுகிறது. அது நல்ல தண்ணீர். மலையில் வெட்டிய மரத்தையும் அதிலேயே மிதக்கவிட்டு ஊருக்குக் கொண்டுவந்தார்கள். குளிர்காலப் போகத்துக்கு மழை, கோடைப் போகத்துக்கு இந்த வாய்க்கால் தண்ணீர், ஆக வருடத்துக்கு இரண்டு அறுவடை. காவிரிப் பாசனத்துக்காரர்கள் படித்தால் ரசிப்பார்கள்.

ஜூன் 6

நிஜத் தீவில் நல்ல தண்ணீர் எப்படி நிற்கிறது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். பாம்பன் தீவில் வளர்ந்தவன் என்பதால் இது எனக்குக் கையும் காலும் அறிந்த விஷயம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மணல் தீவில் விழுகிற மழை மணலுக்குள் இறங்குகிறது. அடியில் ஏற்கெனவே கடல் தண்ணீர் ஊறிப்போய் இருக்கிறது. மழைத் தண்ணீர் எடை குறைவு, உப்புத் தண்ணீர் எடை கூடுதல். அதனால் மழைத் தண்ணீர் உப்பின் மேலே மிதந்து நிற்கிறது, நடுவில் தடிப்பாகவும் கரையோரம் மெலிந்தும். கணக்கு என்னவென்றால், கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கைபன் என்ற டச்சுக்காரரும், 1901-ல் ஹெர்ட்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும் தனித்தனியே கண்டு சொன்னது.

நல்ல செய்தி மாதிரித் தெரியும். திருப்பிப் பாருங்கள். இறைத்து இறைத்து மேல் மட்டத்தை ஓரடி இறக்கிவிட்டால், கீழேயிருந்து உப்பு 40 அடி மேலே ஏறி வரும். ஒருமுறை உப்பேறிய கிணறு பழைய நிலைக்குத் திரும்ப எத்தனையோ மழைக்காலம் ஆகும். அதனால் தீவில் கிணறு வெட்டுகிற அறிவு வேறு. உள்நாட்டில் தண்ணீர் வரவில்லை என்றால் இன்னும் ஆழமாகத் தோண்டு என்பார்கள். எங்களுக்கோ, ஆழம் போனால் உப்பு. மேலாகத் தோண்டு, மெதுவாக எடு.

தனுஷ்கோடியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் அலையே இல்லாத பெண் கடல், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் அடித்துக்கொண்டே இருக்கும் ஆண் கடல். நடுவில் ஒரு மணல் நாக்கு. அதில் ஒரு மீனவப் பெண் முழங்காலிட்டு உட்கார்ந்து கையாலேயே ஊற்றுத் தோண்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முழங்கை ஆழம் போனதும் மணல் கறுத்தது. அப்புறம் அடியில் ஒரு கை அளவு தண்ணீர் கசிந்து நின்றது. முதலில் வந்ததைக் கலங்கல் என்று சிரட்டையால் அள்ளி வெளியே வீசினார். அடுத்து ஊறியதைக் குடத்தின் வாயில் கட்டியிருந்த துணியின் மேல் ஊற்றினார். இரண்டு சிரட்டை அள்ளுவார், அப்புறம் சும்மா உட்கார்ந்திருப்பார். “அவசரப்பட்டா கரிக்கும்” என்றார். எனக்கும் ஒரு சிரட்டை கொடுத்தார். கடல் கூப்பிடு தூரத்தில் இரைந்துகொண்டிருக்க, அந்தத் தண்ணீரில் உப்பே இல்லை.

கணக்குப் புத்தகம் பார்க்காமல் அந்த 40-க்கு 1 கணக்கை அறிந்த கை அது. உங்கள் கற்பனை நகரத்தில் இப்படி ஒருவர் இருந்தால் ஊர் உயிரோடு இருக்கும்.

ஜூன் 6, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதோடு சேர்த்துப் படிக்க இன்னொன்று. நடுவில் தடிப்பு, ஓரத்தில் மெலிவு என்றேன் இல்லையா? அப்படியானால் மேட்டில், நடுவில் இருக்கிறவர்களுக்கு நல்ல கிணறு. கரையில் இருக்கிறவர்களுக்கு உவர்ப்புக் கிணறு. கரையில் இருப்பவர் யார்? வலை இழுக்கிறவர், மூட்டை தூக்குகிறவர். அவர்கள் வீட்டுப் பெண்கள் குடத்தோடு மேட்டுக்கு வர வேண்டும். மேட்டுக் கிணற்றுக்காரர் கயிற்றைக் கொடுப்பாரா, காத்திருக்கச் சொல்வாரா, யார் தொடலாம் யார் தொடக்கூடாது என்று வைப்பாரா என்பதில் முழு ஊரின் சாதியும் பணமும் வந்துவிடும். நான் சின்ன வயதில் இதைப் பார்த்தவன். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை, அதனால்தான் அட்லாண்டிஸின் காவலர் வீடுகளைப் படித்ததும் சட்டென்று பிடிபட்டது.

ஜூன் 7

40-க்கு 1 கணக்கை அப்படியே உங்கள் தீவுக்குப் போட்டுவிடாதீர்கள். மணலும் பவளக்கல்லும் உள்ள தீவுக்குச் சரி. உங்கள் வரைபடத்தில் தீவு முழுக்கப் பாறை என்று போட்டிருக்கிறீர்கள். வெறும் பாறையில் மழை வழிந்து கடலுக்குத்தான் போகும். அதுவும் குறுக்களவு சின்னதாக இருந்தால் மிதக்கும் நல்ல தண்ணீரும் மெல்லிசாகத்தான் இருக்கும். 900 மீட்டர் நடுத்தீவுக்குள் வற்றாத ஊற்று வேண்டுமானால் கடவுளைத்தான் கூப்பிட வேண்டும். பிளேட்டோ கூப்பிட்டுவிட்டார்.

நம் பக்கமும் அப்படியே. தங்கச்சிமடம் அருகே வில்லூண்டி தீர்த்தம் இருக்கிறது. கடலுக்குள் நீளும் பாலத்தில் நடந்து போய் இறைக்கிற கிணறு. சுற்றிலும் கடல், உள்ளே உப்பில்லாத தண்ணீர். சீதையின் தாகம் தீர ராமன் வில்லை ஊன்றி எடுத்தது என்பார்கள். ராமேஸ்வரம் கோவிலுக்குள் மட்டும் 22 தீர்த்தம். மணிமேகலையில் வருகிற மணிபல்லவத் தீவிலும் கோமுகி என்ற பொய்கை இருக்கிறது, அட்சய பாத்திரமே அதிலிருந்துதான் வருகிறது. சாத்தனாரும் தீவென்றதும் பொய்கையை வைத்திருக்கிறார்.

பாறைத் தீவுக்கு நிஜ உதாரணம் வேண்டுமென்றால் சிரியக் கரைக்கு எதிரே உள்ள அர்வாத். பழைய பெயர் அராடோஸ். பழங்காலக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோ எழுதி வைத்திருக்கிறார்: ஜனநெருக்கத்தால் மாடி மேல் மாடி கட்டிய ஊர். மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடிப்பார்கள், மீதி எதிர்க்கரையிலிருந்து வரும். போர் வந்து கரைக்குப் போக முடியாவிட்டால்? ஊருக்கும் கரைக்கும் நடுவே கடலுக்கடியில் ஒரு நன்னீர் ஊற்று. படகிலிருந்து ஈயத்தால் செய்த பெரிய புனலைக் கவிழ்த்து அதன் மேல் இறக்குவார்கள். புனலின் குறுகிய முனையில் தோல் குழாய் கட்டியிருக்கும். முதலில் குழாயில் கடல் தண்ணீர்தான் வரும். அது போகும்வரை பொறுத்திருந்து, நல்ல தண்ணீர் வந்ததும் பாத்திரத்தில் பிடித்து ஊருக்குக் கொண்டுபோவார்கள்.

தனுஷ்கோடிப் பெண்ணும் முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் காத்திருந்தார்.

ஜூன் 9

“வணிக நகரத்துக்குப் பணம் இருக்கும், தண்ணீரை வாங்கிக்கொள்ள மாட்டார்களா?” என்ற கேள்விக்கு ஹோர்முஸ்தான் பதில். வாங்கிக்கொண்டார்கள். அதனாலேயே வீழ்ந்தார்கள்.

பாரசீக வளைகுடா வாயிலில் இருக்கும் சின்னத் தீவு. உப்புப் பாறை மலை, சிவந்த மண், குடிக்க ஒரு ஊற்று கிடையாது. எதிர்க்கரையில் இருந்த பழைய ஹோர்முஸ் தாக்குதல்களுக்கு அஞ்சி 1300 வாக்கில் இந்தத் தீவுக்குக் குடிபெயர்ந்தது. எதிரி வர முடியாத இடம் என்று தேர்ந்தெடுத்தார்கள். வந்த பிறகு உலகச் சந்தையே அங்கே கூடியது: இந்தியத் துணி, மிளகு, அரேபியக் குதிரை, வளைகுடா முத்து. தண்ணீர் மட்டும் படகில் வந்தது, பக்கத்தில் இருக்கும் பெரிய தீவான கெஷ்மிலிருந்தும் கரையிலிருந்தும்.

போர்ச்சுகீசியரின் அல்புகெர்க் 1507-ல் அங்கே கோட்டை கட்டத் தொடங்கினார், 1515-ல் ஊரைப் பிடித்தார். கோட்டைக்குள் மழைத் தண்ணீர் பிடிக்க நிலத்தடித் தொட்டி கட்டினார்கள். ஊர் முழுவதற்கும் அது எப்படிப் போதும்? 1621-ல் கெஷ்ம் தீவின் கிணறுகளைக் காக்கவே அங்கே தனியாக ஒரு கோட்டை கட்ட வேண்டி வந்தது. பாரசீகப் படையும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களும் சேர்ந்து வந்தபோது முதலில் எதை அடித்தார்கள்? கெஷ்மை. வட கனடாக் கடலில் விரிகுடாவுக்குப் பெயர் கொடுத்த மாலுமி வில்லியம் பாஃபின் அந்தச் சண்டையில்தான் இறந்தார். 1622 தொடக்கத்தில் கெஷ்ம் விழுந்தது. சில மாதங்களில் ஹோர்முஸும் விழுந்தது. வணிகம் எதிர்க்கரையில் பந்தர் அப்பாஸுக்குப் போய்விட்டது.

நூறு வருடத்துக்கு மேல் ஆண்ட கோட்டையின் உண்மையான மதில், கடலைத் தாண்டி இன்னொரு தீவின் கிணற்றடியில் இருந்தது. தம்பி, உங்கள் கதையில் முற்றுகை வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முற்றுகையிடுகிறவன் புத்திசாலியாக இருந்தால் கோட்டை வாசலுக்கு வரவே மாட்டான்.

ஜூன் 10

ஹோர்முஸ் குறிப்புக்கு மறுப்பாக ஒருவர் தீரு நகரத்தைச் சொன்னார், லெபனான் கரைக்கு எதிரே தீவாக இருந்த, பைபிளில் வருகிற அதே தீரு. சரியான மறுப்பு. அசீரிய மன்னன் கரையிலிருந்த ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் காவல் போட்டுத் தண்ணீரை நிறுத்தியபோது, தீவுக்காரர்கள் உள்ளேயே கிணறு வெட்டிக் குடித்து ஐந்து வருடம் தாக்குப்பிடித்தார்கள் என்று பழைய யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதியிருக்கிறார். தாகத்தால் அந்த ஊரை எடுக்க முடியவில்லை. கி.மு. 332-ல் அலெக்சாண்டர் வேறு வழி பார்த்தார். கரையிலிருந்த பழைய ஊரை இடித்து, அந்தக் கல்லையும் மண்ணையும் கடலில் கொட்டிப் பாதை போட்டார். ஏழு மாதம். ஊர் விழுந்தது. பாதையின் இரண்டு பக்கமும் மணல் சேர்ந்து சேர்ந்து, இன்றைக்குத் தீரு தீவே இல்லை, கரையோடு ஒட்டிவிட்டது.

பாலம் வேண்டுமா வேண்டாமா என்று உங்கள் ஊர்ச் சபையில் சண்டை வைக்கலாம். இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கும்.

ஜூன் 11

பாலம் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பாம்பன் ரயில் பாலம் 1914-ல் திறந்தது. சாலைப் பாலம் 1988-ல்தான் வந்தது. இடையில் 74 வருடம், தீவுக்கு நிலவழி என்றால் ரயில் ஒன்றுதான். அரிசி, மண்ணெண்ணெய், கல்யாணப் பெண், பிணம், எல்லாம் ரயிலில். பழைய பாலம் பலவீனமாகி 2022 டிசம்பரில் ரயில் நின்றது, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை எதிர்க்கரையில் உள்ள மண்டபம் ஊரோடு ரயில் திரும்பியது. சாலை இருந்ததால் சமாளித்தோம். ஆனாலும் கடலின் மேல் ரயில் வருகிற சத்தம் இல்லாதது பெரியவர்களை என்னவோ செய்தது.

கற்பனை நகரத்தில் பாலத்தை வைத்தால் அது பழுதாகிற நாளையும் யோசித்து வையுங்கள்.

ஜூன் 13

வெனிஸை யாரும் இன்னும் சொல்லவில்லையே என்று காத்திருந்தேன். நானே சொல்லிவிடுகிறேன்.

ஊற்றும் இல்லை, மணல் மேடும் இல்லை, சேற்றுத் தீவுகள். என்ன செய்தார்கள் என்றால், தெருச் சதுக்கத்தையே கிணறாக்கினார்கள். சதுக்கத்தின் அடியில் பெரிய குழி வெட்டி, உப்பு உள்ளே வராதபடி சுற்றிலும் களிமண் பூசி, முழுக்க மணல் நிரப்பினார்கள். நடுவில் செங்கல் உறை. சதுக்கத்தில் விழும் மழை கல்லில் போட்ட துளைகள் வழியே மணலுக்குள் இறங்கி, வடிகட்டி, உறைக்குள் ஊறும். கிணற்று மூடிக்குப் பூட்டு உண்டு. சாவி அந்தந்தப் பகுதிப் பொறுப்பாளரிடம். நேரம் வைத்துத் திறப்பார்கள். மழை பொய்த்தால் ஆற்றுத் தண்ணீரைப் படகில் கொண்டுவந்து அதே கிணறுகளில் ஊற்றுவார்கள். 1884-ல் குழாய்த் தண்ணீர் வரும்வரை இப்படித்தான்.

வெள்ளம் ஏறிக் கடல் தண்ணீர் கிணற்றுக்குள் புகுந்தால் அந்தக் கிணறு போச்சு. அதனால் பல கிணற்றைப் படி வைத்து உயர்த்திக் கட்டினார்கள். வெனிஸின் படங்களில் சதுக்கத்தின் நடுவே அழகாகச் செதுக்கிய கல் தொட்டி மாதிரி ஒன்று நிற்குமே, அது இதன் வாய்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த ஏற்பாடு இதுதான். கோவிலுக்கு முன்னால் இருக்கிற, பிள்ளைகள் விளையாடுகிற, சந்தை கூடுகிற இடமே ஊரின் தண்ணீர்த் தொட்டியாக இருந்தால், அங்கே குப்பை போடுகிறவனை யாரும் சும்மா விட மாட்டார்கள். அட்லாண்டிஸில் தண்ணீர் அரசனுக்குக் கீழே இருந்தது. வெனிஸில் நடக்கிறவர்களின் காலுக்குக் கீழே இருந்தது. உங்கள் ஊர் இந்த இரண்டில் எது என்று முடிவு பண்ணிவிட்டு எழுதுங்கள்.

ஜூன் 13, இரவு

இக்காலக் கதைக்கும் இது பொருந்துமா என்று கேட்டவருக்கு: மாலத்தீவின் தலைநகர் மாலே. தீவின் நல்ல தண்ணீரை இறைத்துத் தீர்த்துவிட்டு, கடல் தண்ணீரைச் சுத்திகரித்துக் குடிக்கிற ஊர். 2014 டிசம்பர் 4-ஆம் தேதி அந்த ஆலையில் தீப்பிடித்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குக் குழாய் வற்றியது. இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. கடற்படைக் கப்பல் சுகன்யா அடுத்த நாளே போய்ச் சேர்ந்தது. ஹோர்முஸின் தண்ணீர்ப் படகும் இதுவும் ஒரே கதைதான், நடுவில் நானூறு வருடம் என்பதைத் தவிர.

ஜூன் 17

முடிவில் நகரம் கடலில் மூழ்குவதாகத் திட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். அட்லாண்டிஸ் ஒரே பகல், ஒரே இரவில் போனது, பிளேட்டோவின் இன்னொரு நூலான டிமேயஸில் அப்படித்தான் இருக்கிறது. தயவுசெய்து அதை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊர் அழிந்தது என்று எழுதுவது ஒரு வரி. மறுநாள் காலையில் மிஞ்சினவர்கள் என்ன செய்தார்கள் என்பது பெரிய கதை.

அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் கால்வெஸ்டன் தீவு. ஊரின் உச்சி மேடே கடல் மட்டத்துக்கு மேல் 9 அடிகூட இல்லை. 1900 செப்டம்பர் 8 அன்று புயல், கடல் 15 அடிக்கு மேல் ஏறியது. செத்தவர்கள் 6,000-க்குக் குறையாது, 8,000 என்றும் சொல்வார்கள். பிழைத்தவர்கள் போய்விடவில்லை. 17 அடி உயரத்தில் கடல் சுவர் கட்டினார்கள். அது மட்டும் போதாது என்று ஊரையே தூக்கினார்கள். 1903-ல் தொடங்கி ஏழெட்டு வருடம், வீடு வீடாகத் திருகு ஜாக்கி வைத்து உயர்த்தி, அடியில் கடல் மணலும் தண்ணீரும் கலந்த சேற்றைக் குழாயில் பாய்ச்சி நிரப்பினார்கள். 2,000-க்கு மேல் கட்டடங்கள். 3,000 டன் எடையுள்ள தேவாலயம் ஒன்றும் உண்டு. அந்த வருடங்களில் ஜனங்கள் உயரமான மரப்பலகை நடைபாதைகளில் போய்வந்தார்கள்.

எங்கள் தனுஷ்கோடிக்கு அப்படி நடக்கவில்லை. 1964 டிசம்பர் 22 இரவு. ரயில் போனது, நிலையம் போனது, இலங்கைக்குக் கப்பல் ஏறுகிற துறை போனது. வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்தார்கள். ஆனால் மீனவக் குடும்பங்கள் திரும்பி வந்தன. ஓலைக் குடிசை போட்டார்கள், மணலில் ஊற்றுத் தோண்டினார்கள். நான் மேலே எழுதிய பெண் அந்தக் குடும்பங்களில் ஒன்று. அறிவிப்புப்படி ஊர் இல்லை, குடம் வைத்துக்கொண்டு ஆள் இருக்கிறார். என் வீட்டில் பெரியவர்கள் அந்த இரவைப் பற்றிப் பேசினால் காற்றைவிட அதற்கடுத்த நாட்களைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். கடல் ஏறி இறங்கிய இடத்தில் ஊற்றெல்லாம் கரித்தது என்பார்கள்.

ஜூன் 20

மறுபடி அட்லாண்டிஸ். ஒன்றைச் சொல்ல விட்டுப்போனது. நடுத்தீவுக்கு அடியிலும் வளையங்களுக்கு அடியிலும் கல் வெட்டினார்கள், வெள்ளை, கறுப்பு, சிவப்பு என மூன்று நிறத்தில். வெட்டிய குழிகளையே கப்பல் நிறுத்தும் துறையாக்கினார்கள். மேலே இருந்த பாறையே கூரை. வீடு கட்டக் கல்லும் ஆச்சு, கப்பலுக்குக் கொட்டகையும் ஆச்சு. தீவில் இடம் கிடையாது, எதையும் இரண்டு வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்று தெரிந்தவர் எழுதிய வரி அது. யானை இருந்தது என்றும் எழுதியிருக்கிறார். யானை எவ்வளவு குடிக்கும் என்று கோவில் பாகனைக் கேளுங்கள்.

ஜூன் 24

முதல் அத்தியாயம் படித்தேன் தம்பி. பாறைத் தீவை மணல் மேடுள்ள தீவாக மாற்றியது நல்லது. அரண்மனை ஊற்றிலிருந்து பாலத்தின் மேல் வாய்க்கால் போகிறது, அதன் கடைசி முனையில் துறைமுகத்துப் பெண்கள் வரிசை நிற்கிறார்கள் என்ற இடம் கண்ணுக்குத் தெரிகிறது. உப்பு மூட்டை தூக்குகிறவரின் மகள் முதல் குடத்தை வாயில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொட்டுகிறாளே, அதை எந்தக் காரணத்துக்காகவும் வெட்டிவிடாதீர்கள்.

இரண்டு கேள்வி. வாய்க்காலுக்கு மூடி உண்டா? கடல் காற்று அடிக்கிற பாலத்தில் திறந்த வாய்க்கால் என்றால் அலைத்துளி விழுந்துகொண்டே இருக்கும், கச்சான் காற்று மாதங்களில் கடைசி முனைக்கு வரும் தண்ணீர் கரிக்கும். அப்புறம், மதகைத் திறக்கிறவன் எந்த வளையத்தில் குடியிருக்கிறான்? வெளியே என்றால் ஒரு கதை, உள்ளே என்றால் வேறு கதை. இதை எழுதிவிட்டு இரண்டாம் அத்தியாயத்தைப் போடுங்கள்.